போகிறவரின் மகன்

நாற்பது தாண்டிய பிறகுதான் அவனுக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. லிஃப்ட் மெக்கானிக்குக் கண்ணும் கையும்தான் பிழைப்பு. கட்டிடத்தின் உச்சியில், மோட்டார் ரூமுக்குள் கண்ட்ரோல் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒயர்களின் மேல் ஒட்டியிருக்கும் பொடி எண்களைப் படிக்க முடியாமல் தலையை முன்னே நீட்டியும் பின்னே இழுத்தும் பார்ப்பான். செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படிப்பான். அப்படியே கொஞ்ச நாள் ஒப்பேற்றினான். ஒருநாள் இரண்டு ஒயர்களை மாற்றி மாட்டிவிட்டான். மேலே போக பட்டனை அமுக்கியவர்களெல்லாம் கார் நிறுத்துமிடத்தில் போய் இறங்கினார்கள். மேனேஜர் கூப்பிட்டு, "உனக்குக் கண்ணாடி வேணுமா, வேற வேலை வேணுமா?" என்று கேட்டார். அன்று சாயங்காலமே கண்ணாடிக்கடைக்குப் போனான்.

செருப்புக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் ஒடுங்கிக்கிடந்த கடை அது. கடைக்காரி ஒருத்திதான் இருந்தாள். கண்ணைச் சோதிப்பதும் அவளே, கண்ணாடியைச் சாணை பிடித்து ஃப்ரேமில் பொருத்துவதும் அவளே. அவனைவிட ஓரிரு வயது சின்னவளாக இருப்பாள். முகவாயை மேடையில் வைக்கச் சொல்லி, விளக்கை அணைத்துவிட்டு, ஒவ்வொரு லென்ஸாக மாற்றினாள்.

"இது தெளிவா, அது தெளிவா?"

"ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு."

"ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க."

"தப்பாச் சொல்லிட்டா?"

"தப்பானா மாத்திக்கலாம். நீங்க ஒண்ணைச் சொன்னாத்தானே நான் மேல போக முடியும்?"

அவன் மறுபடியும் யோசித்தான். இருட்டுக்குள் அவள் சிரித்தது கேட்டது. "ஒரு லென்ஸுக்கு இவ்வளவு யோசிக்கிற ஆளை நான் பார்த்ததே இல்லைங்க" என்றாள்.

கண்ணாடி வந்தது. அடுத்த வாரம் மூக்குப் பிடி இறுக்குகிறது என்று போனான். அதற்கடுத்த வாரம் காதுக்கம்பி வளைந்துவிட்டது என்று போனான். அவள் சின்ன திருப்புளியால் சரி செய்துகொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்: "இந்தக் கம்பி தானா வளையாது. யாரோ கையில பிடிச்சு முறுக்கியிருக்காங்க."

பொய் சொல்லி மாட்டிக்கொண்ட முகம் அவனுடையது. "நான்தான்" என்றான்.

"அடுத்த தடவை அதை விட்டுடுங்க. டீ குடிக்கப் போலாமான்னு கேளுங்க. ஃப்ரேம் பாவம்."

அப்படித்தான் ஆரம்பித்தது.

மூன்றாவது வருடம் ஆனபோது இருவரும் நீ, வா, போ என்று பேசும் நிலைக்கு வந்திருந்தார்கள். கடைக்கு மேலேயே ஒற்றை அறையில் அவள் இருந்தாள். சனிக்கிழமை மத்தியானம் அவன் ஒரு தோள்பையோடு வருவான். சேர்ந்து சமைப்பார்கள். அவன் காய் நறுக்கினால் எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருக்கும். அவள் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பாள். சாப்பிட்டுவிட்டு அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டு அந்த வாரம் கடைக்கு வந்தவர்களைப் போலவே பேசிக்காட்டுவாள். அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வாழ்க்கையில் வேறெங்கும் கிடைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை வெயில் இறங்கும்போது மட்டும் அவனுக்குள் ஏதோ முறுக்கிக்கொள்ளும். பல் தேய்க்கும் பிரஷ், சவரக் கத்தி, மாற்றுச் சட்டை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொள்வான். ஒன்றையும் விட்டுவைக்க மாட்டான். "காலையில வேலை" என்பான். காலையில் அவளுக்கும்தான் வேலை.

அவனுக்கு அவளைப் பிடிக்கவில்லை என்றில்லை. அவனுக்குத் தன்னைத்தான் பயம்.

அவனுடைய அப்பா ஒரு போகிறவர். வேறெப்படியும் அவரைச் சொல்ல முடியாது. குடிக்கிறவர் இல்லை, கை நீட்டுகிறவர் இல்லை, வீட்டில் இருந்தால் எல்லாரையும் வயிறு குலுங்கச் சிரிக்கவைப்பார். ஆனால் ஒருநாள் காலையில் தலையைப் படிய வாரி, பெட்டியில் சட்டைகளை மடித்து வைத்து, "ஒரு வேலையா போயிட்டு வந்துடறேன்" என்று கிளம்பிவிடுவார். சில மாதம் கழித்துக் கை நிறையப் பொம்மைகளும் பழங்களுமாக வந்து நிற்பார். அம்மா முகம் மலர்ந்துவிடும். வீடு களை கட்டும். பிறகு இன்னொரு காலையில் மறுபடியும் பெட்டி. அவனுக்கு மீசை அரும்பிய வருடம் போனவர் அதற்குப் பிறகு வரவேயில்லை. வேறு ஊரில் இருக்கிறார், நன்றாகத்தான் இருக்கிறார் என்று சேதி மட்டும் வந்தது. தெருவில் ஏதாவது பெட்டி உருளும் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்க்கிற பழக்கத்தை அம்மா சாகும்வரை விடவில்லை.

அவன் வளர வளர அப்பாவின் நடை அவனுக்கு வந்தது, இடது தோள் கொஞ்சம் இறங்கிய நடை. குரலும் வந்தது. வெளியூரிலிருந்து அவன் போன் செய்தால் அம்மா எடுத்து ஒரு கணம் பேச்சில்லாமல் நின்றுவிடுவாள். ஒரு சண்டையில் அக்கா சொன்னாள்: "நடையைப் பாரு, அப்படியே அவரை உரிச்சு வச்ச மாதிரி. நீயும் போறவன்தான்டா." அக்கா அதை அன்றைக்கே மறந்துவிட்டாள். அவன் மறக்கவில்லை. இருபதுகளின் கடைசியில் ஒரு பெண்ணோடு கல்யாணம் பேசி, தேதியும் வைத்த பிறகு, மூச்சு முட்டுகிறது என்று சொல்லி விலகிக்கொண்டான். அந்தப் பெண்ணின் அண்ணன் வீடு தேடி வந்தார். கத்தவில்லை. "என் தங்கச்சிகிட்ட என்ன குறைன்னு மட்டும் சொல்லுப்பா, போயிடறேன்" என்றார். அவர் போன பிறகு அவனுக்கு ஏற்பட்டது நிம்மதி. அந்த நிம்மதிதான் அவனை மிரட்டியது. அக்கா சொன்னது சரிதான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டான். உள்ளே போனால்தானே வெளியே வர வேண்டும்; வாசலிலேயே நின்றுவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

இதையெல்லாம் கண்ணாடிக்கடைக்காரியிடம் அவன் அரைகுறையாகச் சொல்லியிருந்தான். அவளும் தன் கதையைச் சொல்லியிருந்தாள். ஒரு கல்யாணத்திலிருந்து வெளியே வந்தவள் அவள். "அவன் கெட்டவன் இல்லை. வீட்ல நான் இருக்கிறதே அவனுக்குத் தெரியலை. ஒருநாள் கிளம்பிட்டேன், அது தெரியவே அவனுக்கு மத்தியானம் ஆச்சு" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு கண் வரை வரவில்லை.

அந்த வருடம் மழை ஓய்ந்த சமயத்தில் அவள் ஒரு வீடு பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை கூட வா, நீயும் பாரு" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

இரண்டாவது மாடி. இரண்டு அறை, வெளிச்சம் விழும் சமையலறை, துணி காயப்போட ஒரு பால்கனி. வீட்டுக்காரம்மா சாவியைக் கொடுத்துவிட்டுக் கீழே போய்விட்டாள். காலி வீட்டில் அவர்கள் குரல் எதிரொலித்தது. அவள் சாண் போட்டுச் சுவரை அளந்தாள்.

"கட்டில் இந்தப் பக்கம். அலமாரி அந்த மூலை. உன் ஸ்பேனர் பெட்டியை இங்க வைக்கலாம். வேண்டாம், கிரீஸ் நாத்தம் உள்ள வரும். பால்கனியில வச்சுக்கோ."

அவன் கதவின் கீலை ஆட்டிப் பார்த்தான். குழாயைத் திறந்து மூடினான். ஜன்னல் கொண்டியைப் போட்டு எடுத்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஒரு மெக்கானிக்குக் காரணமா கிடைக்காது. கடைசியில் வாயைத் திறந்தான்.

"வீடு நல்லாத்தான் இருக்கு. உனக்கு வசதியா இருக்கும்."

சுவரில் விரித்திருந்த அவள் கை அப்படியே நின்றது.

"எனக்கா?"

"இல்ல, கடைக்கும் பக்கம். நடந்தே போயிடலாம். அதான்…"

"எனக்குத்தான், இல்லையா?"

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. ஏதோ ஓர் ஆபீஸ் கட்டிடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டதாம். உள்ளே ஓர் ஆள் இருக்கிறாராம். "உடனே போகணும்" என்றான். எந்த அழைப்புக்கும் அவன் அவ்வளவு வேகமாகப் படி இறங்கியதில்லை. உள்ளே மாட்டியிருந்தவர் வெளியே வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். நான்தான் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். நினைத்ததும் வெட்கமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை வழக்கம்போலத் தோள்பையோடு படியேறினான். அவள் கதவைத் திறந்தாள், வழி விடவில்லை.

"வீட்டைப் பேசி முடிச்சிட்டேன். மாசம் பொறந்ததும் போறேன்" என்றாள்.

"நல்லது."

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கிளம்பிப் போறப்ப நான் ஜன்னல்ல வந்து நிப்பேன். தெரு முனை வரைக்கும் பாப்பேன். நீ ஒரு தடவைகூடத் திரும்பிப் பாத்ததில்லை."

அவனுக்கு அது தெரியாது.

"கல்யாணம் பண்ணிக்கோன்னு நான் கேக்கலை. ஊரைக் கூட்டிச் சொல்லுன்னும் கேக்கலை. இருக்கிறதா இருந்தா வந்து இரு. இல்லைன்னா வராத. வந்து வந்து போறதை மட்டும் இனிமே என்னால தாங்க முடியாது."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவின் ஓரத்தால் துடைத்தாள். கண்ணாடி இல்லாமல் அவள் முகம் சின்னப் பெண்ணின் முகம் போலிருந்தது. அவன் ஏதாவது சொல்லியிருக்கலாம். பை தோளில் கல்லாய்க் கனத்தது. பையும், மடித்த சட்டையும், வாரிய தலையும். இதை எங்கே பார்த்திருக்கிறோம் என்று ஒரு கணம் நினைத்தான். அடுத்த கணம் புரிந்துவிட்டது. எதைச் செய்துவிடக் கூடாது என்று இத்தனை காலம் வாசலில் நின்றானோ, அதைத்தான் வாரா வாரம் செய்துகொண்டிருந்தான்.

"சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினான். தெருவில் நின்று திரும்பிப் பார்த்தான். ஜன்னல் மூடியிருந்தது.

கம்பெனிக்கு வேறொரு ஊரில் பெரிய வேலை வந்திருந்தது. புதுக் கட்டிடத்துக்கு லிஃப்ட் நிறுவ வேண்டும். மாதக்கணக்கில் அங்கேயே தங்க வேண்டும். யாரும் கேட்பதற்கு முன்னால் அவனே கை தூக்கினான். அந்த ஊரில்தான் அப்பா இருந்தார்.

அக்கா முடிதிருத்தும் கடை வைத்திருந்தாள். அவள் வாயும் கத்திரியும் ஒரே வேகம். யாரோ ஒரு பெண்மணியின் பின்னந்தலையைக் குனியவைத்து வெட்டிக்கொண்டே தம்பி சொன்னதைக் கேட்டாள்.

"நல்ல கம்பெனிடா. ஓடுறதுக்கு டிக்கெட்டும் எடுத்துக் குடுக்குது, படியும் குடுக்குது."

"ஓடலை. வேலைக்குப் போறேன்."

"அவரும் அப்படித்தான் சொல்வாரு" என்றாள் அக்கா. சொன்ன பிறகு கத்திரி நின்றது. "விடு. நான் ஏதோ வாய் தவறி… சாப்பிட்டுப் போ."

சாப்பிடாமல் போனான்.

ரயில் ஏறி உட்கார்ந்ததும் மனசு லேசாகிவிடும் என்று எதிர்பார்த்தான். கல்யாணத்திலிருந்து விலகிய அந்தத் தடவை அப்படித்தான் ஆனது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது, காற்றும் நன்றாக வந்தது. மனசு லேசாகவில்லை. ஊர் போய்ச் சேர்ந்தால் ஆகும் என்று நினைத்தான்.

கட்டிடத்தின் நடுவே லிஃப்டுக்காக விட்ட குழி, கீழிருந்து பார்த்தால் மேலே நகக்கண் அளவு வெளிச்சம் தெரியும். உச்சியிலிருந்து தூக்குக் குண்டு கட்டி மெல்லிய கம்பியைத் தொங்கவிட்டு, அது ஆடாமல் நிற்கும்வரை காத்திருந்து, அதை வைத்துத்தான் லிஃப்ட் ஏறி இறங்கும் தண்டவாளங்களை நிறுத்த வேண்டும். காற்றடிக்கும் நாளில் கம்பி நிற்கவே நிற்காது. கூட வேலை செய்த வெல்டருக்குப் பாட்டுப் பைத்தியம். குழிக்குள் அவர் இழுத்த இழுப்பு ஒவ்வொரு தளத்திலும் முட்டித் திரும்பி வர, நாலு பேர் சேர்ந்து தப்பாகப் பாடுவது போலிருக்கும். இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று எடுத்து வைப்பான். மதியம் சாப்பிட உட்காரும்போது மேஸ்திரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே ஊரெல்லாம் தேடுவார். இதையும் அவளிடம் சொல்ல வேண்டும். சாயங்காலம் அறைக்குப் போய், கை கால் கழுவி, நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் உறைக்கும், சொல்வதற்கு ஆள் இல்லை என்று. எடுத்து வைத்ததெல்லாம் நெஞ்சுக்குள்ளேயே கிடக்கும். மறுநாள் அதன் மேல் இன்னும் கொஞ்சம் சேரும்.

தெருவில் எதிரே வருகிறவர்களின் முகத்தை அவன் பார்ப்பதில்லை. அவர்கள் போட்டிருக்கும் கண்ணாடி கோணலா நேரா என்று பார்ப்பான். அவள் பார்க்கிற பார்வை அது. எப்போது அவனுக்கு ஒட்டிக்கொண்டதோ தெரியவில்லை. அவனுடைய கண்ணாடியே ஒரு பக்கம் சரிந்துவிட்டது. தங்கியிருந்த தெருவிலேயே இரண்டு கண்ணாடிக்கடைகள் இருந்தன. உள்ளே போய் இன்னொருத்தர் கையில் அதைக் கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. சரிந்த கண்ணாடியோடே திரிந்தான். கடையில் காய் வாங்கினால் இரண்டு பேருக்கு வாங்கிவிடுவான். சனிக்கிழமை மத்தியானம் ஆனால் கால் பரபரக்கும், எங்கே போவது என்று தெரியாமல். போனை எடுத்து அவள் எண்ணைப் பார்ப்பான். கூப்பிட்டு என்ன சொல்வது? இருக்கிறதா இருந்தா வா என்று சொன்னவளிடம், வரவில்லை, ஆனால் சும்மா குரல் கேட்கக் கூப்பிட்டேன் என்றா? போனை வைத்துவிடுவான். அவள் புது வீட்டுக்குப் போயிருப்பாள். கட்டிலை அந்தப் பக்கம் போட்டிருப்பாளா, இந்தப் பக்கமா? பால்கனியில் ஓர் இடம் காலியாக இருக்குமா, அல்லது செடி வைத்திருப்பாளா? பார்த்த ஒரே ஒரு தடவையில் அவன் அந்த வீட்டைச் சரியாகவே பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே என்ன இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அது ஒன்று போதும், அவனுக்கு அன்றைய சோறு இறங்காமல் போக.

அப்பாவைப் பார்க்கப் போவதை அவன் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை, நின்றால் நிற்க முடியவில்லை என்றான பிறகு கிளம்பினான்.

சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை. அப்பாதான் கதவைத் திறந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. ஆனால் படிய வாரியிருந்தார். ஒரு கணம் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பானார்.

"அடேயப்பா, ஆளு வளந்துட்டியே. வா, வா. டீ போடறேன்."

நேற்றுப் போய் இன்று வந்தவனிடம் பேசுவது போலத்தான் பேசினார். அறை துப்புரவாக இருந்தது. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு ரேடியோ. சுவரில் ஒரு படம்கூட இல்லை. டீ நன்றாகப் போட்டார். கீழே சைக்கிள் கடைக்காரரைப் பற்றி ஒரு வேடிக்கை சொன்னார். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அம்மா இறந்தது தெரியும் என்றார். "நல்ல மனுஷி" என்றார். உண்மையாகத்தான் சொன்னார், பிறகு சர்க்கரை போதுமா என்று கேட்டார்.

அவன் வந்தது சண்டைக்கு அல்ல. ஆனாலும் கேட்டுவிட்டான்.

"அப்பா, ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லுங்க. எங்களையெல்லாம் விட்டுட்டு வந்தப்புறம் உங்களுக்கு எங்களைத் தேடவே இல்லையா?"

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. நிஜமாகவே யோசித்தார்.

"தேடும்னுதான் நானும் நினைச்சேன்" என்றார். "ஒவ்வொரு தடவையும் நினைப்பேன், இந்தத் தடவை பிள்ளைங்களைத் தேடும், திரும்பிடுவோம்னு. பஸ் ஏறி உக்காந்ததும் மனசு காத்தாடி மாதிரி ஆயிடும்பா. ஊரு தாண்டினா உங்க முகம்கூட மங்கிடும். பொய் சொல்லி என்ன ஆகப்போகுது? உங்கம்மாவுக்கு நான் பண்ணினது துரோகம்தான். அது தெரியும். ஆனா தெரிஞ்சதே தவிர, வலிச்சதில்லை. சில பேருக்கு அதை வைக்காமலே படைச்சுட்டாங்க போல."

பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தார். "ஏன், உனக்கு அப்படி இல்லையா?"

அப்பாவின் குரலிலேயே பதில் சொல்ல வேண்டியிருந்தது அவனுக்கு.

"இல்லப்பா. எனக்கு ஒருத்தியைத் தேடுது. வந்த நாள்லேருந்து தேடுது. டீ குடிச்சாத் தேடுது, ஏதாவது சிரிக்கிற மாதிரி பாத்தாத் தேடுது. தேஞ்சு போயிடும்னு பாத்தேன். தேயலை. வர வர அதிகமாத்தான் ஆகுது."

அப்பா அவனையே பார்த்தார். தனக்கு ஒருநாளும் வராத நோயை இன்னொருவர் விவரித்தால் கேட்பது போலக் கேட்டார், அக்கறையோடும் கொஞ்சம் திகைப்போடும்.

"அப்ப நீ என் மாதிரி இல்லப்பா" என்றார். "நீ உங்கம்மா மாதிரி."

அவன் அதை எதிர்பார்க்கவில்லை. நடை அப்பாவுடையது, குரல் அப்பாவுடையது, ஆகவே மீதியும் அப்படித்தான் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தான். அம்மா மாதிரி. தெருவில் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்க்கிற அம்மா. சின்ன வயதில் அந்தத் தலை தூக்குவதைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருக்கும். ஒருநாளும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று அவன் மனசுக்குள் சொல்லிக்கொண்டது அப்பாவைப் பார்த்தல்ல, அம்மாவைப் பார்த்து. விட்டுப்போவதற்குப் பயந்தவனென்று தன்னை நினைத்துக்கொண்டிருந்தான். கைவிடப்பட்டவர் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று அவன் பக்கத்திலிருந்து பார்த்தவன். பயமெல்லாம் அங்கேதான் இருந்தது. அதனால்தான் யாரும் தன்னை விட்டுப் போவதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், பையைத் தூக்கிக்கொண்டு தானே போனான்.

அப்பா எழுந்து இன்னொரு டம்ளர் டீ ஊற்றினார். கிளம்பும்போது வாசல் வரை வந்து தோளைத் தட்டினார். "வந்தா வா" என்றார். படியில் இறங்கும்போதே மேலே ரேடியோ பாடத் தொடங்கிவிட்டது. அவனுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது. அதைவிட, அந்தச் சுத்தமான அறையை நினைத்தால் குளிராக இருந்தது.

வேலை முடிய இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது. பாதியில் விட்டு ஓட அவன் விரும்பவில்லை. லிஃப்டை முதல் தடவையாக ஆளேற்றி ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு தளத்திலும் வாசலும் தரையும் இம்மி பிசகாமல் நிற்கிறதா என்று பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ரயில் ஏறினான். நேராகக் கடைக்குப் போனான்.

அவள் ஒரு பெரியவருக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "உக்காருங்க, வரேன்" என்றாள், வாடிக்கையாளரிடம் சொல்வது போல. அந்த 'ங்க' அவனைச் சுருக்கென்று தைத்தது. அவன் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்தான். பெரியவருக்கு ஒரு ஃப்ரேமும் பிடிக்கவில்லை. ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு அவனிடமும் கேட்டார், "எப்படி இருக்கு தம்பி?" எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொன்னான். "இவரைக் கேக்காதீங்க. இவருக்கு ஒண்ணை எடுத்துச் சொல்ல வராது" என்றாள் அவள்.

பெரியவர் போன பிறகு அவள் கவுண்டருக்குப் பின்னாலேயே நின்றாள்.

"கண்ணாடி கோணலா இருக்கு."

"ஆமா."

"அங்க கடையே இல்லையா?"

"ரெண்டு இருக்கு. போகலை."

அவள் கை நீட்டவில்லை. அவன் தானாகக் கழற்றிக் கவுண்டர் மேல் வைத்தான். கண்ணாடி இல்லாமல், பக்கத்தில் இருந்த அவள் முகம் மங்கலாகத் தெரிந்தது. அதுவும் நல்லதுதான், தெளிவாகத் தெரிந்தால் சொல்ல வந்தது வாயில் வந்திருக்காது.

"அப்பாவைப் பாத்தேன். நான் அவரு மாதிரி இல்லையாம்" என்றான். "எனக்குப் போகத் தெரியலை. போன இடத்துல இருக்கவும் தெரியலை. நான் வந்து இருக்கேன், நீ விட்டா. பயம் போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். நீ ஒரு வீட்டை விட்டுக் கிளம்பினவ. ஒருநாள் இதையும் விட்டுட்டுக் கிளம்பினா நான் என்ன ஆவேன்னு பயமாத்தான் இருக்கு. பயத்தோடயே வந்திருக்கேன்."

கவுண்டர் மேல் கிடந்த கண்ணாடியை அவள் கையில் எடுத்தாள். வெளியே செருப்புக்கடைக்காரர் கதவை இறக்கும் சத்தம் கேட்டது.

"போக மாட்டேன்னு சத்தியம் பண்ணச் சொல்றியா?"

"இல்ல. பண்ணினாலும் நான் நம்ப மாட்டேன். என் பயம் அப்படி."

அதற்கு அவள் கொஞ்சம் சிரித்தாள், உடனே அடக்கிக்கொண்டாள். "எனக்கு உன் மேல இருக்கிற கோபம் தீரலை. இத்தனை மாசம் ஒரு போன் இல்லை. செத்தியா இருக்கியான்னுகூட உங்க அக்காகிட்டக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். நாலு தடவை தலைமுடி வெட்டிக்கிட்டேன், உன் சேதி கேக்கறதுக்காக. பாரு."

அப்போதுதான் கவனித்தான். இடுப்பு வரை இருந்த முடி தோளுக்கு மேலே ஏறியிருந்தது.

"இன்னும் கொஞ்சம் தாமசமா வந்திருந்தா மொட்டைதான்" என்றாள். குரல் உடைந்துவிட்டது. அவன் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு போனான்.

கோபம் ஒரே நாளில் தீரவில்லை. அவன் சாமான்களை அக்கா வீட்டுக்காரர் தன் வேனில் ஏற்றிவந்து அவளுடைய புது வீட்டில் இறக்கினார். ஒரே தடவையில் முடிந்தது. "இவ்வளவுதானா மாப்பிள்ளை உன் சொத்து? இதுக்கா இத்தனை வருஷம் யோசிச்சே?" என்று கேட்டார். முதல் சில வாரம் அவள் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் வாயை மூடிக்கொண்டு, செய்தித்தாளுக்கு மேலாக அவனைப் பார்த்துக்கொண்டேயிருப்பாள். அவனுக்கும் வெயில் இறங்கினால் உள்ளே முறுக்கத்தான் செய்தது. அப்போது எழுந்து ஏதாவது வேலை செய்வான், துணி மடிப்பான், பாத்திரம் கழுவுவான். ஒருநாள் முறுக்கு வரவில்லை. வரவில்லை என்பதைப் படுக்கப் போகும்போதுதான் கவனித்தான்.

ஒரு வருடம் போல ஆனபோது அவளுடைய தங்கைக்கு வயிற்றில் ஆபரேஷன் என்று சேதி வந்தது. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கடையை மூடிவிட்டு அவள் கிளம்பினாள். அவன்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டான். பஸ் கண்ணை விட்டு மறையும்வரை நின்று பார்த்தான். வீட்டுக்குத் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், கட்டிலில் உட்கார்ந்திருந்தான். எதற்குப் பயந்து பாதி வாழ்க்கையைக் கழித்தானோ அதற்குள்தான் இப்போது உட்கார்ந்திருந்தான். அவள் தலையணையில் அவள் எண்ணெய் வாசம் இருந்தது. வலித்தது. ஆனாலும் வலியோடு சோறு வடிக்க முடிந்தது. வேலைக்குப் போக முடிந்தது. அவள் போன் செய்தால் அந்த வெல்டரின் பாட்டைப் பற்றி மறுபடியும் சொல்லிச் சிரிக்கவைக்க முடிந்தது. தினமும் சாயங்காலம் தெருவில் காலடிச் சத்தம் கேட்டால் தலை தானாக நிமிரும். நிமிரட்டும் என்று விட்டுவிட்டான்.

அவள் திரும்பி வருகிற அன்று மத்தியானமே வேலையை முடித்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனான். பஸ் வர வெகுநேரம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தான், எழுந்தான், பழம் வாங்கினான், வருகிற ஒவ்வொரு பஸ்ஸின் முகத்தையும் பார்த்தான். வெயில் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு நகர்ந்தது. கடைசியில் அந்த பஸ் வந்து, புழுதியைக் கிளப்பி நின்றது. யார் யாரோ இறங்கினார்கள். கடைசி ஆளாக அவள், பெட்டியை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு, இளைத்துப்போய். இறங்கி நின்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கூட்டத்தில் முகம் முகமாகப் பார்த்தாள். தூணுக்குப் பின்னால் நின்ற அவன் அவள் கண்ணில் படவில்லை. அவள் முகம் மெல்ல வாடியது. அவன் ஒரு கணம் அதைப் பார்த்தபடி நின்றுவிட்டு, ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டான்.

"அப்பாடா, வந்துட்டியா" என்றாள். "ரொம்ப நேரமாச்சா வந்து?"

"இல்ல, இப்பத்தான் வந்தேன்" என்றான் அவன்.